டர்போவில் நீலப் புகையா? முதலில் ஆயில் திரும்பும் வழியைப் பாருங்கள்

கம்பெனியில் டர்போ இல்லாமல் வந்த எஞ்சினில், வெளியே வாங்கிய டர்போவை (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அமுக்கிக் கொடுக்கும் கருவி) மாட்டியாயிற்று. வண்டியும் நன்றாகத்தான் இழுக்கிறது. கொஞ்ச நாளில் பின்னால் நீலப் புகை. அல்லது பானெட்டைத் திறந்தால் ஆயிலில் ஊறிய கிளிப். அல்லது ஆக்சிலேட்டரை மிதித்தால் ஓர் ஊளை. அந்தக் கட்டத்தில் நிற்பவர்களுக்கு இந்தக் குறிப்பு. பெட்ரோல் காருக்கும், ரப்பர் எஸ்டேட் சாலையில் ஓடும் பழைய டீசல் ஜீப்புக்கும் பொருந்தும். எங்கே மாறுகிறதோ அங்கே சொல்லிவிடுகிறேன்.

சட்டம் பற்றி ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவின்படி பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கையை வையுங்கள். இனி ஆயில் விஷயம் மட்டும்.

நாகர்கோவில் பக்கம் எந்தப் பட்டறையில் போய் நின்றாலும் பேச்சு இப்படித்தான் தொடங்கும்.

“அண்ணே, டர்போ சீல் போயிட்டு. வேற ஒண்ணு பாக்கணும்.”

“சீல் போயிட்டுன்னு யாருல சொன்னா? ரிட்டர்ன் பைப்ப பாத்தியா மக்கா?”

பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் ஃபீட் லைனுக்குப் பின்னல் போட்ட ஹோஸ், பளபளக்கும் யூனியன் என்று காசைக் கொட்டியிருப்பார்கள். ஆயில் திரும்பிப் போகும் ரிட்டர்னுக்குக் கையில் கிடைத்த ஏதோ ஒரு ரப்பர் ஹோஸ்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழலும். சின்ன டர்போக்கள் இரண்டு லட்சத்தையும் தாண்டும். அந்த வேகத்தில் உலோகத்தோடு உலோகம் உரசாமல் காப்பது மெல்லிய ஆயில் படலம்தான். ஆயில் உள்ளே வருவது பம்பின் அழுத்தத்தில், அதனால் குழாய் சின்னதாக இருந்தாலும் போதும். வெளியே போகும்போது அழுத்தம் கிடையாது. காற்று கலந்து நுரையாகி, வந்ததைவிடப் பருமன் கூடி, தன் எடையில்தான் எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்க வேண்டும். தண்டின் இரு முனையிலும் இருப்பது ரப்பர் சீல் அல்ல. பிஸ்டன் ரிங் மாதிரியான உலோக வளையம். தேங்கி நிற்கும் ஆயிலைத் தடுத்து நிறுத்த அதனால் ஆகாது. அடுப்படித் தொட்டியில் கழிவுக்குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தரையில் வழியும். அதற்காக யாரும் பைப் திருகை மாற்றுவதில்லை. டர்போவில் மட்டும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

நீலப் புகை

புகை எப்போது வருகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பாதி நோய் அதிலேயே பிடிபட்டுவிடும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு குப்பென்று வந்து நின்றுவிட்டால் வால்வு சீலைச் சந்தேகப்படுங்கள். பேச்சிப்பாறையிலிருந்து கியரிலேயே இறங்கி, காலை எடுத்து வைத்திருந்து, கீழே வந்து மறுபடி மிதிக்கும்போது வந்தாலும் பெட்ரோல் வண்டியில் அதுவேதான். பாரம் ஏற்றி மிதிக்கும்போது மட்டும் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங், அல்லது கிராங்க் கேஸில் (கிராங்க் சுழலும் எஞ்சின் அடிக்கூட்டில்) ஏறும் அழுத்தம். மார்த்தாண்டம் நெரிசலில் ஐடிலிங்கில் நின்றுவிட்டு, வழி கிடைத்துக் கிளம்பும்போது பின்னால் வருபவன் கண்ணை மறைக்கும் அளவுக்கு ஒரு மேகம் வந்து, கொஞ்ச தூரத்தில் தெளிந்துவிட்டால், அது டர்போ வழியாக வரும் ஆயில். ஐடிலிங்கில் எக்ஸாஸ்ட் பக்கம் அழுத்தம் குறைவு. தேங்கிய ஆயில் வளையத்தைத் தாண்டி, எக்ஸாஸ்ட் பக்கத்துச் சக்கரம் இருக்கும் டர்பைன் கூட்டுக்குள் இறங்கிச் சேர்ந்துவிடும். மிதித்ததும் எரிந்து புகையாகும். ஓட்டத்தில் எக்ஸாஸ்ட் அழுத்தமே ஆயிலை உள்ளே தள்ளிப் பிடிப்பதால் புகை குறையும்.

உறுதி செய்துகொள்ள ஒரு வழி உண்டு. எஞ்சின் ஆறிய பிறகு டர்போவின் பின்னால் வரும் சைலன்சர் பைப்பைக் கழற்றுங்கள். டர்பைன் சக்கரம் ஈரமாக இருக்கிறதா? இருந்தால் அத்தோடு நிறுத்தாமல் டர்போவையும் இறக்கி, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மேனிஃபோல்டும் ஈரம் என்றால் ஆயில் எஞ்சினிலிருந்து வருகிறது. டர்போ அதை வாங்கிக் கடத்துகிறது, அவ்வளவுதான். மேனிஃபோல்டு காய்ந்து சாம்பல் நிறத்தில் இருந்து, டர்பைன் மட்டும் நனைந்திருந்தால் ஆயில் டர்போவிலேயே கிளம்புகிறது. இதைச் செய்யாமல் புது டர்போ வாங்கக் கிளம்பாதீர்கள். கழற்றிப் பார்க்க அரைநாள் ஆகும். ஆகட்டும்.

டர்போதான் என்று தெரிந்த பிறகும் டர்போ கெட்டது என்று அர்த்தமில்லை. ரிட்டர்ன் லைனைச் சம்ப்பிலிருந்து கழற்றி, சம்ப்பின் துளையை அடைத்துவிட்டு, டர்போவிலிருந்து நேராகக் கீழே ஒரு டப்பாவுக்குள் ஆயில் விழும்படி தற்காலிகமாக ஒரு ஹோஸ் மாட்டுங்கள். ஐடிலிங்கில் மட்டும் ஓடவிடுங்கள். டப்பாவில் சேரும் அளவுக்கு சம்ப்பில் ஆயில் குறையும், அதனால் ஒருவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்; எஞ்சினை அணைத்துவிட்டு, சேர்ந்ததைத் திரும்ப ஊற்றி, மறுபடி ஓட்டிப் பாருங்கள். சைலன்சரில் ஏற்கெனவே கிடக்கும் ஆயில் எரிந்து தீரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதன்பின் புகை நின்றுவிட்டால் டர்போ நல்ல டர்போ. குற்றம் ரிட்டர்னில், அல்லது கிராங்க் கேஸில்.

ரிட்டர்ன் லைனில் பார்க்க வேண்டியவை இவை. உள்விட்டம் 16 மி.மீ. அளவுக்கு இருக்கட்டும், 12க்குக் கீழே போனால் வம்பு. டர்போவின் ஆயில் வாய் மேலேயும் வடிகால் நேர் கீழேயும் இருக்கும்படி நடுக்கூட்டைத் திருப்பி வைத்திருக்க வேண்டும். செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. அதையும் குறைத்தே வையுங்கள். குழாய் வழிநெடுக இறங்கிக்கொண்டே போக வேண்டும், ஓர் இடத்தில்கூடத் தொங்கி மேலேறக் கூடாது. சம்ப்பில் சேரும் இடம் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். கிராங்க் சுழன்று ஆயிலை வாரி அடிக்கும் இடத்துக்கு நேரே இருந்தாலும் உள்ளே இறங்காது. கிட்டோடு வரும் கேஸ்கட்டின் துளையையும் வடிகால் வாயையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். வாய் பெரிதாகவும் கேஸ்கட் துளை சுண்டுவிரல் நுழையாத அளவிலும் இருப்பது சகஜம்.

குலசேகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக்கில் வேறெங்கோ இரண்டாவது டர்போவும் மாட்டி முடித்திருந்தார்கள். புகை அப்படியே. ரிட்டர்ன் ஹோஸை நின்ற வண்டியில் பார்த்தால் எந்தக் குறையும் தெரியவில்லை. வளைவு அழகாக இருந்தது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக் கீழிருந்து பார்த்தால், சூட்டில் ஹோஸ் இளகி, எஞ்சின் மவுண்டின் பிராக்கெட் மேல் படுத்து, வளைவின் உள்பக்கம் மடிந்து இரண்டு சுவரும் ஒட்டிக்கொண்டிருந்தன. அது ஆயிலுக்கான ஹோஸே இல்லை, ரேடியேட்டர் ஹோஸ். லேத்தில் இரும்புக் குழாயை வளைத்து இரு முனையிலும் கையகலத்துக்கு மட்டும் ஆயில் தாங்கும் ரப்பர் போட்டதும் தீர்ந்தது. கழற்றி வைத்திருந்த முதல் டர்போவின் தண்டில் ஆட்டமே இல்லை. ஹோஸை எப்போதும் சூடாக இருக்கும்போது பாருங்கள், கை படாமல்.

ஏற்றத்தில் மட்டும் புகைக்கிறதா? கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் ஏறும்போது முன்பக்கம் தூக்கி நிற்பதால் சம்ப்பின் ஆயில் முழுதும் பின்பக்கம் போய்ச் சேரும். நீளவாட்டில் எஞ்சின் உள்ள ஜீப்பில் ரிட்டர்ன் துளையைச் சம்ப்பின் பின்பகுதியில் போட்டிருந்தால், சமதளத்தில் மட்டத்துக்கு மேலே இருக்கும் துளை ஏற்றத்தில் மூழ்கிவிடும். துளையை முன்னேயோ மேலேயோ மாற்றுவதுதான் வழி. துளை போடுவதும் பற்றவைப்பதும் சம்ப்பை இறக்கி வைத்துத்தான். ட்ரில் பிட்டில் கிரீஸ் தடவிக்கொண்டால் துருவல் உள்ளே விழாது என்று ஒரு நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. சம்ப்பைக் கழற்றச் சோம்பல், வேறொன்றுமில்லை.

ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் இதே கதை. டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் முதலில் அதை வடியுங்கள். கழற்றும் வேலையெல்லாம் அப்புறம். டர்போ இருக்கும் உயரமே போதாது, சம்ப்பின் மட்டத்திலோ அதற்குக் கீழோதான் வைக்க இடம் என்றால், எந்தக் குழாய் போட்டாலும் ஆயில் தானாக இறங்காது. உறிஞ்சித் தள்ள ஒரு தனி பம்ப் வேண்டும். அந்த பம்ப் நின்ற மறுநிமிடம் புகை என்பதால், அதன் ஃபியூஸையும் பார்க்க வேண்டிய பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரிட்டர்ன் லைன் குறையில்லாமல் இருந்தும் புகைத்தால், கிராங்க் கேஸ் பக்கம் வாருங்கள். ரிங் வழியாகக் கசியும் வாயு வெளியே போக வழியில்லாமல் சம்ப்பில் அழுத்தம் ஏறினால், அந்த அழுத்தம் ரிட்டர்ன் குழாயின் வாயைக் கீழிருந்து அடைத்துக்கொண்டு நிற்கும். ஆயில் இறங்காது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் பிசிவி வால்வு (கிராங்க் கேஸ் வாயுவை வெளியேற்றும் வால்வு) இன்டேக் மேனிஃபோல்டின் உறிஞ்சலுக்குத் திறந்து கொடுக்க வந்தது. டர்போ போட்டபின் அதே மேனிஃபோல்டில் பூஸ்ட், அதாவது டர்போ அமுக்கிய காற்று, வருகிறது. வால்வு இறுக்கமாக மூடாவிட்டால் பூஸ்ட் நேராகச் சம்ப்புக்குள் போகும். வால்வைக் கழற்றி இன்டேக் பக்கத்திலிருந்து வாயால் ஊதிப் பாருங்கள். காற்று போனால் மாற்றுங்கள், அல்லது கூடவே ஒருவழி வால்வு ஒன்று போடுங்கள். டேப்பெட் கவரிலிருந்து வாயு வெளியேறும் பிரீதர் குழாயைப் பென்சில் தடிமனில் விட்டுவைத்திருந்தால் அதுவும் போதாது. பெரிய குழாய், வாயுவோடு வரும் ஆயிலைப் பிடிக்கும் கேட்ச் கேன், அதிலிருந்து தடையில்லாத வழி. கேட்ச் கேனுக்குள் பஞ்சைத் திணித்து, அது ஆயிலில் ஊறி அடைத்துக்கொண்ட வண்டிகளும் உண்டு.

மிதித்து ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பியிருக்கிறதா, கிராங்க் ஆயில் சீல் ஓரம் புதிதாகக் கசிகிறதா? இது இந்த அழுத்தமேதான். கம்ப்ரஷன் பார்த்துவிடுங்கள். ரிங் தேய்ந்த எஞ்சினுக்கு டர்போ போட்டிருந்தால் பிரீதரைப் பெரிதாக்குவது நாளைக் கடத்தும், குணப்படுத்தாது.

டர்போவிலிருந்து வரும் காற்றை ஆற்றும் இன்டர்கூலரின் பைப்பில் மட்டும் ஆயில் சேர்ந்து, டர்பைன் பக்கம் காய்ந்திருந்தால், ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அடைத்த ஃபில்டர், டர்போவில் காற்றை உறிஞ்சும் பக்கமான கம்ப்ரஸரின் வாயில் உறிஞ்சலை உண்டாக்கி ஆயிலை இழுத்துக்கொண்டு வரும். நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. பம்பருக்குப் பின்னால் தாழ்வாக வைத்த ஃபில்டர் நனைந்து, காகிதம் உப்பி, காற்றே போகாமல் இருக்கும். வெயில் காலத்தில் எஸ்டேட் சாலையின் செம்மண் தூள். கூடவே, பிரீதர் குழாயைக் கம்ப்ரஸர் வாயில் கொடுத்திருந்தால் அங்கே கிடக்கும் ஆயில் பிரீதரிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். அதைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு ஓட்டிப் பாருங்கள்.

தண்டு குண்டுகளின் மேல் சுழலும் பால் பேரிங் டர்போ என்றால் ஒன்று கூடுதலாகப் பார்க்க வேண்டும். அதற்கு ஆயில் கொஞ்சம் போதும். குண்டு இல்லாமல் உலோகப் புஷ்ஷுக்குள் தண்டு சுழலும் புஷ் பேரிங்குக்குக் கொடுப்பதுபோல் திறந்துவிட்டால் வடிகால் தாங்காமல் வளையத்தைத் தாண்டி வழியும். ஃபீட் வாயில் ஏறத்தாழ 1 மி.மீ. துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் இருக்க வேண்டும். சில டர்போக்களில் அது உள்ளேயே வந்துவிடும், அப்போது இன்னொன்று போட்டால் பட்டினிதான். ரெஸ்ட்ரிக்டருக்குப் பிறகு, எஞ்சின் முழு வேகத்தில் 3 பார் அளவு அழுத்தம் போதுமானது. புஷ் பேரிங் டர்போவுக்குப் பெரும்பாலும் ரெஸ்ட்ரிக்டர் தேவையே இல்லை. புகை வருகிறது என்பதற்காகப் புஷ் டர்போவின் ஃபீடை நெருக்கிவிடுவதை நானும் பார்த்திருக்கிறேன். புகை குறையும், உண்மை. கொஞ்ச நாளில் தண்டும் போகும்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கம்ப்ரஸர் பக்கம் ஆயில் அதிகமாகப் போனால் டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. டீசலை நிறுத்தினாலும் நிற்காது. வேகம் ஏறிக்கொண்டே போகும். கியர் வண்டியில் உட்கார்ந்திருந்தால் டாப் கியரைப் போட்டு, பிரேக்கை முழுதும் அமுக்கிக்கொண்டு கிளட்சை விடுங்கள், எஞ்சின் திணறி நிற்கும். பட்டறையில் பானெட் திறந்திருந்தால் காற்று வாயைத் தட்டையான பலகையால் மூடுங்கள். கையை வைக்காதீர்கள், துணியையும் வைக்காதீர்கள், இழுத்துக்கொள்ளும். டீசல் ஜீப்பில் புகையைப் பார்த்துக்கொண்டே “பொறவு பாத்துக்கலாம்” என்று ஓட்டுவது இந்த ஒரு காரணத்துக்காகவே கூடாது. சோதிக்கும்போதும் பலகையைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஊளை, உரசல், இழுவை குறைவு

பூஸ்ட் ஏறும்போது ஆம்புலன்ஸ் சைரன் போல ஒரு சத்தம் ஏறி இறங்கினால், முதலில் பைப் கிளிப்புகளில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் ஏர் பைப்பைக் கழற்றிக் கம்ப்ரஸர் சக்கரத்தைப் பாருங்கள். சக்கரத்தின் ஓரம் கூட்டில் உரசிய பளபளப்பு தெரிந்தால் தீர்ப்பு வந்துவிட்டது. தெரியாவிட்டால் தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். புஷ் பேரிங்கில் பக்கவாட்டில் கொஞ்சம் அசையும், அது இயல்பு. ஆயில் படலம் நிரம்ப விட்ட இடைவெளி அது. அதைப் பார்த்தே “ஆட்டம் இருக்கு” என்று நல்ல டர்போவைத் தூக்கிப் போடுகிறார்கள். முன்னும் பின்னும், நீளவாட்டில், கைக்குத் தெரியும்படி அசைந்தால்தான், தண்டு முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்திருக்கிறது.

அது தேய்ந்ததற்கு ஆயில் வராதது காரணம் என்றால், வராததற்கு ஒரு காரணம் ஃபீட் லைனில் கிடக்கும். யூனியனையும் பேஞ்சோ போல்ட்டையும் (ஆயில் போக நடுவே துளையுள்ள போல்ட்) கழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துளைகளைப் பாருங்கள். அடிக்கடி அகப்படுவது வெள்ளை டெஃப்லான் டேப்பின் இழை; திரெட்டின் நுனி வரை சுற்றி முறுக்கும்போது உள்பக்கம் அறுந்து, ஆயிலோடு போய் மிகச் சின்னத் துளையில் உட்கார்ந்துகொள்ளும். அடுத்தது கேஸ்கட் சிலிக்கான். சாம்பல் நிறத்தில் நெல் அளவு ஒரு துணுக்கு போதும். டர்போவின் ஆயில் வாயிலும் வடிகாலிலும் பசை எதுவும் போடாதீர்கள். கேஸ்கட், செம்பு வாஷர், அவ்வளவுதான். டேப்பர் திரெட்டுக்கு ஏதாவது போட்டே ஆகவேண்டுமென்றால் திரவ சீலன்ட், அதுவும் முதல் இரண்டு திரெட்டை விட்டுவிட்டு.

ஃபீடை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதும் முக்கியம். ஃபில்டருக்குக் கீழே சாண்ட்விச் பிளேட் வைத்து எடுத்திருந்தால், அதன் துளை ஃபில்டரின் எந்தப் பக்கத்தோடு சேர்கிறது என்று கழற்றிப் பார்த்தீர்களா? திருகி மாட்டும் ஃபில்டரில் ஆயில் வெளிவட்டத் துளைகள் வழியே உள்ளே போய், நடுவே உள்ள திரெட் வழியே சுத்தமாகி வருகிறது. பிளேட்டின் துளை வெளிவட்டத்தோடு சேர்ந்திருந்தால் வடிகட்டாத ஆயிலை டர்போவுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆயில் அழுத்த மீட்டருக்கு அது போதும். டர்போவுக்கு நடுவழியோடு சேரும் பிளேட்தான் வேண்டும்.

ஆயில் லைட் மினுங்குகிறது, டேப்பெட் தட்டுகிறது

டர்போ போடுவதற்கு முன் இல்லாமல், போட்டபின் சூடான ஐடிலிங்கில் லைட் மினுங்கினால், பம்பின் ஆயிலில் ஒரு பங்கு டர்போவுக்குப் போவது எஞ்சினுக்குத் தாங்கவில்லை. தேய்ந்த எஞ்சினில் இது கட்டாயம் வெளிப்படும். அந்த லைட் எரிவதே அழுத்தம் அரை பாருக்கும் கீழே போன பிறகுதான். அதனால் அதை நம்பாமல் மீட்டர் போட்டுப் பாருங்கள். சூடான ஐடிலிங்கில் முக்கால் பாராவது, ஓட்டத்தில் ஆயிரம் சுற்றுக்கு முக்கால் பார் என்ற கணக்கு மோசமில்லை.

சத்தம் மேலே டேப்பெட்டில் மட்டும் என்றால், ஃபீடை சிலிண்டர் ஹெட்டிலிருந்து எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பல எஞ்சின்களில் ஹெட்டுக்கு ஏறும் ஆயில் ஒரு சின்னத் துளை வழியாக அளந்துதான் போகிறது. அதைப் பங்கிட்டால் கேமுக்கும் போதாது, டர்போவுக்கும் போதாது. பிளாக்கில் ஆயில் சுவிட்ச் (ஆயில் லைட்டை எரியவைப்பது) இருக்கும் இடத்திலிருந்து எடுப்பதே நல்லது.

ஆயிலை முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் கூடுதலாக ஊற்றும்படி டியூன் செய்த வண்டியில் பெட்ரோல் சம்ப்புக்கு இறங்கி ஆயிலை நீர்த்துவிடும். டிப்ஸ்டிக்கில் மட்டம் குறையாமல், சிலசமயம் ஏறிக்கூட இருக்கும். அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெளியே கசிவு

முதலில் திரெட். ஜப்பான் வழி வந்த பல எஞ்சின்களில் ஆயில் சுவிட்ச் துளை 1/8 பிஎஸ்பி டேப்பர். கிட்டோடு வருவது பல நேரம் 1/8 என்பிடி. இரண்டும் வேறு வேறு திரெட் முறை. முதலாவதில் அங்குலத்துக்கு 28 புரி, மற்றதில் 27. இரண்டு சுற்று இதமாக ஏறும், பிறகு இறுகும். பொருந்திவிட்டது என்று தோன்றும். அலுமினியத்தில் இன்னும் கொஞ்சம் முறுக்கினால் திரெட் போயிற்று. கையால் மூன்று நான்கு சுற்று போகாவிட்டால் நிறுத்திவிட்டுச் சரியான அடாப்டரைத் தேடுங்கள்.

ஆயில் சுவிட்ச், மீட்டர் சென்சார், டர்போ ஃபீட் மூன்றையும் ஒரே பித்தளை டி-யில் மாட்டி பிளாக்கிலிருந்து தொங்கவிடுவது இன்னொரு வம்பு. கனமான சென்சார் எஞ்சின் அதிர்வில் ஆடி ஆடி, பித்தளை கழுத்தில் விரிசல் விழும். அது கசிவாகத் தொடங்கி, ஒருநாள் சாலையிலேயே முறிந்து சம்ப்பைக் காலி செய்துவிடும். பிளாக்கிலிருந்து ஒரு குட்டி ஹோஸ் எடுத்து, டி-யை பாடியில் கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள்.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் என்று கடலோரம் வண்டி நிற்பவர்கள் இரும்புக் குழாயின் கிளிப்பைத் தளர்த்தி அதன் அடியில் பாருங்கள். உப்புக் காற்றில் துரு அங்கேதான் ஒளிந்து அரிக்கும். ஸ்டெயின்லெஸ் பின்னல் ஹோஸ் துருப்பிடிக்காது, ஆனால் உள்ளே இருக்கும் ரப்பர் வெடித்ததை மறைத்துவிடும். எக்ஸாஸ்ட் அருகே போகும் ஃபீடுக்கு உள்ளே டெஃப்லான் உள்ளதாக வாங்கி, மேலே வெப்ப உறையும் போடுங்கள். சூடான டர்பைன் கூட்டின் மேல் ஆயில் பீய்ச்சினால் தீப்பிடிக்கும், அதனால் இதில் சிக்கனம் வேண்டாம். ரிட்டர்னுக்கு நீல நிறச் சாதாரண சிலிக்கான் ஹோஸ் போட்டவர்களுக்கு, வெடிப்பே இல்லாமல் ஹோஸ் முழுதும் வியர்த்ததுபோல் ஆயில் தெரியும். சிலிக்கான் காற்றுக்கும் தண்ணீருக்கும் நல்லது, ஆயிலுக்கு ஆகாது.

கரி

ஃபீட் வாயிலும் வடிகாலிலும் கறுப்பாகக் கெட்டிப்பட்ட பொருக்கு இருந்தால், சூட்டோடு அணைக்கும் பழக்கம்தான். ஆடி மாதத்தில் காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் நோக்கி வாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முகத்துக்கு நேரே அடிக்கும். முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டும்வரை பூஸ்டிலேயே எஞ்சின் உழைத்துக்கொண்டிருக்கும். அப்படியே ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி உடனே சாவியைத் திருப்பினால், ஆயில் ஓட்டம் நின்று, சிவக்கக் காய்ந்த டர்பைனின் சூடு நடுக்கூட்டுக்கு ஏறி, உள்ளே நிற்கும் ஆயிலை வேகவைத்துக் கரியாக்கும். ஓரிரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணையுங்கள், டீ ஆறிவிடாது. தண்ணீர்ச் சுற்றுக்கான வாய்கள் உள்ள டர்போவில் அவற்றைச் சும்மா அடைத்து வைத்திருந்தால் திறந்து இணைத்துவிடுங்கள். அணைத்தபின் சூட்டை எடுப்பது அந்தத் தண்ணீர்தான்.

புது டர்போவும் அதே வழியில் போகிறது

பழையது நொறுங்கியபோது விழுந்த துணுக்குகள் இன்டர்கூலரிலும் ஆயிலிலும் கிடக்கும். இன்டர்கூலரை இறக்கிக் கழுவி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, ஃபீட் லைனைப் புதிதாகப் போடுங்கள். பழைய ஃபீடை ஊதிச் சுத்தம் செய்வதில் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

மாட்டும்போது ஃபீட் வாயில் சுத்தமான எஞ்சின் ஆயிலை ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஃபீட் லைனின் நுனியை டர்போவில் மாட்டும் முன் ஒரு பாட்டிலுக்குள் விட்டு, பெட்ரோல் வண்டியில் ஃபியூயல் பம்ப் ஃபியூஸையும் காயில் இணைப்பையும் எடுத்துவிட்டு, டீசலில் எரிபொருள் நிறுத்தியைத் துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுற்றுங்கள். குமிழி இல்லாமல் ஆயில் சீராக வரும்வரை. பிறகு மாட்டி, மீட்டரில் அழுத்தம் ஏறும்வரை மறுபடி சுற்றி, அதன்பின்தான் ஸ்டார்ட். முதல் ஒன்றிரண்டு நிமிடம் ஆக்சிலேட்டரில் கால் வைக்க வேண்டாம். ஸ்டார்ட் ஆனதும் ஒரு முறுக்கு முறுக்கிச் சத்தம் கேட்டுப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பக்கத்தில் நிற்பவர்களும் “ஒரு மிதி மிதி மக்கா” என்பார்கள்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை மாற்றி, கழற்றிய ஃபில்டரை ரம்பத்தால் அறுத்து, காகித மடிப்பை வெயிலில் விரித்துப் பாருங்கள். மஞ்சள் பளபளப்பில் தூள் தெரிந்தால் அது பெரும்பாலும் டர்போவின் புஷ். வண்டியை நிறுத்திவிட்டு ஃபீடிலிருந்து மறுபடி தொடங்குங்கள். தெரியாவிட்டால் அடுத்த ஆயிலை 5,000 கிலோமீட்டரில் மாற்றிக்கொள்ளலாம்.